மூக்கும் நாவும்: இனக் கொள்கை ஒன்றன் சொற்சான்று பற்றிய ஆய்வு

தோற்றுவாய்

மானிடவியல் என்னும் துறை 19-ஆம் நூற்றாண்டில் மக்களை உடலளவால் பகுத்தறிய முற்பட்டது. மண்டையின் நீள அகலமும், மூக்கின் உயர அகலமும், தோலின் நிறமும் அளந்து அட்டவணைப்படுத்தப்பெற்றன. அவ்வட்டவணைகளைக் கொண்டே மக்கட்குலத்தின் வரலாற்றை எழுதிவிடலாம் என அக்காலத்தார் பலர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது என்பதை அத்துறையாரே பின்னர் ஒப்புக்கொண்டனர்; 1950-இல் யுனெஸ்கோ வெளியிட்ட இனம் பற்றிய அறிக்கை அதற்குச் சான்று. அங்ஙனமாயின், வீழ்ந்துபட்ட கொள்கையொன்றை மீண்டும் எடுத்து மறுத்தல் எற்றுக்கு என வினவலாம்.

அக்கொள்கை உடலளவையில் மட்டும் வேரூன்றி வளர்ந்திருப்பின் அதனை மானிடவியலார்க்கே விட்டுவிடலாம். இந்தியாவைப் பொறுத்தவரை அதன் வேர்களுள் ஒன்று, பழம்பாடல் ஒன்றில் வரும் ஒரு சொல்லுக்குக் கூறப்பட்ட பொருளில் உள்ளது. அளவுகோல் பின்னர் வந்தது. உரை முன்னர் வந்தது. உரையில் நேர்ந்த பிழையை உரை காண்போரே களைதல் முறை. தமிழ் நூல்களைப் பயில்வோர்க்கும் இதில் இருவகைத் தொடர்பு உண்டு. அச்சொல்லின் பொருளைத் துணிதற்கு வேண்டும் ஒப்புமைச் சான்று நம் சங்க நூல்களில் கிடைக்கின்றது. அவ்வுரைமுறையை ஒத்த முறையே நம் நூல்களுக்கும் ஒருகால் கையாளப்பட்டது. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லும் இரு பிரிப்பும்

இருக்கு வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் 29-ஆம் பாடலின் 10-ஆம் மந்திரம், இந்திரன் தசியுக்களை அழித்த செய்தியைக் கூறுகின்றது. அங்குத் தசியுக்களுக்கு அடைமொழியாக வருவது ‘அநாஸ’ என்னும் சொல். வடமொழியில் எதிர்மறை முன்னொட்டு, மெய்யை முதலாக உடைய சொல்லின்முன் ‘அ’ எனவும், உயிரை முதலாக உடைய சொல்லின்முன் ‘அந்’ எனவும் நிற்கும். நீதி என்பது அநீதி ஆதலும், ஆதி என்பது அநாதி ஆதலும் தமிழில் வழங்கும் சொற்களாலேயே விளங்கும். ஆகவே, இச்சொல்லை ‘அ + நாஸ்’ எனப் பிரிப்பின் மூக்கில்லாதவர் என்றும், ‘அந் + ஆஸ்’ எனப் பிரிப்பின் வாயில்லாதவர் என்றும் பொருள்படும்.

எழுத்து ஒத்து நின்று பொருள் வேறுபடும் இத்தகைய புணர்ச்சி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் புணரியலில் இதனை எடுத்தோதினார். உரையாசிரியர்கள் காட்டும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் எடுத்துக்காட்டில் தொடி பொன்னாலாயதா செம்பாலாயதா என்பது எழுத்தால் விளங்காது. சொல்வானது இசையாலும் சொல் நின்ற இடத்தாலுமே விளங்கும். இசையை இன்று கேட்க இயலாத நிலையில், ‘அநாஸ’ என்னும் சொல்லுக்கு இடமே எஞ்சிய சான்று.

இடம் கூறுவது யாது? அதே மந்திரத்தின் பிற்பகுதியில் அப்பகைவரே ‘மிருத்ரவாச்’ என்னும் அடையும் பெறுகின்றனர். பகைமை பொருந்திய பேச்சினர் என்பது அதன் பொருள். ஒரே மந்திரத்தில் ஒரே பகைவர்க்கு வந்த ஈரடைகளுள் ஒன்று ஐயத்திற்கு இடமின்றிப் பேச்சைச் சுட்டுமாயின், மற்றதும் பேச்சைச் சுட்டுதலே இயைபுடைத்து. 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தில் வாழ்ந்த உரையாசிரியர் சாயணர் இவ்வழியே சென்றார். வாய் என்பதை அதன் தொழிலாகிய பேச்சுக்கு ஆக்கி, பேச்சில்லாதவர், ஊமர் என அவர் உரை வகுத்தார். சாயணர் வேத காலத்துக்கு ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்டுப் பின்வந்தவர். அவர் உரை என்பதனாலேயே அது மெய்யாகிவிடாது. ஆயின், அவருக்கு மிகப் பழமையான பதபாடமும் இச்சொல்லை ‘அந் + ஆஸ்’ என்றே கொண்டது என்பது நோக்கத்தக்கது.

மூக்கில்லாதவர் என்னும் பிரிப்பு இலக்கணத்தால் இயலாதது என யாம் கூறவில்லை. இயலும் இரு பொருள்களுள் ஒன்றைக் கொள்ளுங்கால் காரணம் காட்டல் வேண்டும் என்பதே எம் கருத்து. மூக்கைக் கொண்டோர் காட்டிய காரணம் யாது என்பதை இனிக் காண்போம்.

ஐயம் துணிவாக மாறிய வழி

இருக்கு வேதத்தைச் சாயணர் உரையுடன் 1849 முதல் 1874 வரை அச்சிட்டு உலகிற்களித்த பெருமை மாக்ஸ் முல்லரைச் சாரும். அவர் 1854-இல் துரானிய மொழிகளைப் பற்றி எழுதிய நெடிய மடலில், வேதப் பாடல்களில் ஆரியரல்லாதாரின் உடற்றோற்றம் பற்றிய குறிப்பு உண்டா என ஆராய்ந்தார். தெளிவான குறிப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே, இந்திரனுக்கு வரும் ‘சுசிப்ர’ என்னும் அடையை அழகிய மூக்கினன் எனக் கொண்டு, தெய்வத்தின் மூக்கைப் புகழ்ந்தோர் பகைவரின் தட்டை மூக்கைக் கண்டே புகழ்ந்திருத்தல் கூடும் என உய்த்துணர்ந்தார். ‘சிப்ர’ என்பதற்குத் தாடை, உதடு, கன்னம் எனப் பின்வந்தோர் பலவாறு பொருள் கண்டுள்ளனர். மூக்கு என்னும் பொருள் உறுதியுடையதன்று. இவ்வுய்த்துணர்வுக்குத் துணையாகவே அவர் ‘அநாஸ’ என்பதையும் எடுத்து, உரையாசிரியர் கருதியதுபோல் அது வாயைக் குறியாமல் மூக்கைக் குறித்தல் கூடும் என்றார். தாம் அச்சிட்டுவந்த உரையையே ஈண்டு அவர் மறுத்தார். எனினும், கூறியதை ஐயத்தொடு கூறினார் என்பதை மறத்தலாகாது.

அவ்வையம் 37 ஆண்டுகளில் மறைந்தது. வங்காள ஆட்சிப் பணியாளராகிய ஹெர்பர்ட் ரிஸ்லி, 1891-இல் தம் அளவை ஆராய்ச்சியை வெளியிட்டபோது, ஆரியரின் வருகை பற்றிய வேதச் செய்திகளைக் காண்போர் எவரும் பகைவரின் மூக்கைப் பற்றி அங்கு அடிக்கடி வரும் குறிப்புகளால் கவரப்படாதிரார் என்னும் கருத்துப்பட எழுதினார். மாக்ஸ் முல்லர் ஓரிடத்து ஐயுற்று உரைத்தது, ரிஸ்லியிடம் பலவிடத்துப் பயின்று வரும் செய்தியாயிற்று. தாமஸ் டிரவுட்மன் 1997-இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வழியைப் பின்னோக்கிச் சென்று ஆராய்ந்து, அடிக்கடி வரும் குறிப்புகள் எனப்பட்டவை இவ்வொரு சொல்லளவில் வந்து நிற்றலை எடுத்துக்காட்டினார்.

இதனினும் வியப்புடையது அடுத்த நிலை. மக்டனெலும் கீத்தும் 1912-இல் வெளியிட்ட வேதச் சொற்களஞ்சியம் இச்சொல்லுக்குப் பதபாடமும் சாயணரும் கொண்ட பொருளைக் குறித்தபின், மூக்கில்லாதார் என்னும் பொருளும் இயலும் என்றும், அது திராவிட வகையைச் சார்ந்த தட்டை மூக்கினராகிய பழங்குடிகளுக்கு நன்கு பொருந்தும் என்றும் கூறுகின்றது. வேதச் சொல்லைச் சான்றாகக் கொண்டு மூக்கை இனக்குறி என்றனர். மூக்கு இனக்குறியாதலைச் சான்றாகக் கொண்டு வேதச் சொல்லுக்குப் பொருள் கூறினர். ஒன்றற்கொன்று பிணை நிற்கும் இரு கடனாளரை ஒத்தது இச்சான்று முறை. தருக்க நூலார் இதனை ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் குற்றமாகக் கூறுவர்.

மூக்களவை

ரிஸ்லியின் அளவுமுறை எளியது. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி அதன் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே மூக்குக் குறியெண். அது 70-க்குக் குறையின் மெல்லிய மூக்கு எனவும், 70 முதல் 85 வரையாயின் இடைத்தரம் எனவும், அதற்கு மேற்படின் அகன்ற மூக்கு எனவும் வகுத்தனர். ஒரு சாதியின் சமூக நிலை, அச்சாதியாரின் சராசரி மூக்ககலம் கூடக் குறையும், அகலம் குறையக் கூடும் என்பது ரிஸ்லி கண்ட விதி. 1901-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்புக்கு அவரே ஆணையாளராக இருந்தார். அக்கணக்கெடுப்பில் சாதிகளைச் சமூக மதிப்பின் வரிசையில் நிறுத்த முற்பட்டமையால், தம் இடத்தை உயர்த்தக் கோரி முறையீடுகள் பல எழுந்தன. 1908-இல் வெளியான ‘இந்திய மக்கள்’ என்னும் நூலில் அவர் நாட்டு மக்களை ஏழு உடல்வகைகளாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்று திராவிட வகை.

இவ்வகைப்பாட்டின் தகுதியை அதன் பெயரைக் கொண்டே அளக்கலாம். ரிஸ்லி திராவிட வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தென்னாட்டு மலைகளில் வாழும் பணியரையும், சோட்டா நாகபுரியில் வாழும் சந்தாலரையும் காட்டினார். சந்தாலரின் மொழியோ முண்டா மொழிகளுள் ஒன்று. அது திராவிட மொழியன்று. முண்டா மொழிகள் திராவிடத்தினும் வேறானவை என 1854-ஆம் ஆண்டு மடலிலேயே மாக்ஸ் முல்லர் பிரித்துக் கூறியிருந்தார். மறுபுறம், பலுசித்தானத்தில் வாழும் பிராகுவி மக்களின் மொழி திராவிட மொழி. அவர்களை ரிஸ்லி துருக்கிய-ஈரானிய வகையில் சேர்த்தார். திராவிட மொழி பேசுவோர் திராவிட வகைக்கு வெளியே நிற்க, அம்மொழி பேசாதார் அவ்வகைக்குத் தலைமை தாங்கினர். மொழிக்கு இட்ட பெயரை மூக்குக்கு இட்டதனால் வந்த விளைவு இது. மக்டனெலும் கீத்தும் தட்டை மூக்கினர் பற்றிக் கூறுமிடத்து, அவர்தம் மொழி இன்றும் நிலவுதற்குச் சான்றாகக் காட்டியவர் இப்பிராகுவியரே என்பது முரணை மேலும் மிகுவிக்கின்றது.

அளவையின் உள்ளீடும் நிலைக்கவில்லை. கோவிந்த சதாசிவ குர்யே 1932-இல் வெளியிட்ட சாதியும் இனமும் பற்றிய நூலில், அன்றைய ஐக்கிய மாகாணத்துக்கு வெளியே மூக்குக் குறியெண்ணின் வரிசையும் சமூக மதிப்பின் வரிசையும் ஒத்து நில்லாமையைக் காட்டினார். அவரும் இனக் கொள்கையை முற்றிலும் கைவிட்டவரல்லர். ஆதலின் அவர் கூற்று மேலும் வலிமையுடையதாகின்றது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிசு, ரிஸ்லியின் வங்காள அளவைகளை 1933-இல் திருத்தி மறு ஆய்வு செய்தார். மூக்கின் வடிவம் வாழும் நிலத்தின் தட்பவெப்பத்தோடு தொடர்புடையது என்பதைத் தாம்சனும் பக்ஸ்டனும் 1923-இலேயே பல நாட்டு அளவைகளைக் கொண்டு காட்டியிருந்தனர். வெப்பமும் ஈரமும் மிக்க நிலங்களில் அகன்ற மூக்கும், குளிரும் வறட்சியும் மிக்க நிலங்களில் குறுகிய மூக்கும் பெரும்பான்மையாகக் காணப்படுகின்றன. வென்றார் தோற்றார் வரலாறாகப் படிக்கப்பட்டதில் காற்றின் தன்மைக்கும் பங்கு இருந்தது.

அளக்கப்பட்ட மக்களையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். சென்னை அரசினர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை விளங்கிய எட்கர் தர்ஸ்டன், இரங்காச்சாரியாரின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். வழக்கங்கள் பலவற்றைப் பதிவு செய்த வகையில் அந்நூல் இன்றும் பயனுடையது. அதன் முன்னுரையில் ஒரு செய்தி வருகின்றது. வயநாட்டிற்கு அவர் சென்றபோது, தங்களுள் சிறந்தாரைப் பாடஞ்செய்து காட்சியகத்தில் வைக்கவே வந்தார் என அஞ்சிப் பணியப் பெண்கள் ஓடினர் என்றும், அங்ஙனம் செய்தல் இயலுமாயின் நன்றாயிருக்குமே என்றும் அவர் நகைச்சுவையாக எழுதினார். அறிஞர்க்கு நகையாக இருந்தது அப்பெண்டிர்க்கு அச்சமாக இருந்தது. தம்மை மக்களாக நோக்காமல் மாதிரிப் பொருளாக நோக்கும் பார்வையை அவர்கள் உடனே உணர்ந்தனர் என்றே யாம் கருதுகின்றோம்.

தமிழ் நூற்சான்று

இனி, ‘அநாஸ’ என்னும் சொல்லுக்கு மீள்வோம். பிறமொழியாளரை ஊமர் என்றும் வாயில்லார் என்றும் கூறுதல் பண்டை மக்களிடம் உண்டா என்பதே ஆராயத்தக்கது. கிரேக்கர், தம் மொழி அறியாதாரைப் ‘பார்பரோஸ்’ என்றனர். பொருள் விளங்காத பிதற்றல் ஒலியைப் பின்பற்றி எழுந்த சொல் அது. சிலாவிய மொழிகளில் செருமானியரைக் குறிக்கும் பெயர், ஊமன் என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது என்பர். செருமானியர் ஊமரல்லர், அவர் பேசியது சிலாவியர்க்கு விளங்கவில்லை என்பதே அதன் கருத்து.

இவற்றினும் நெருங்கிய சான்று முல்லைப்பாட்டில் உள்ளது. பாசறையில் அரசன் தங்கும் உள்ளறையைக் காக்கும் மிலேச்சரை நப்பூதனார் வருணிக்கின்றார். அவர்தம் நா பேசுவதில்லை. உடம்பின் குறிப்பாலேயே அவர்கள் கருத்தை உரைக்கின்றனர். அவர்கள் பிறவி ஊமரோ, மொழி வேறுபாட்டால் ஊமர் போன்றவரோ என்பதில் கருத்து வேறுபடலாம். அயல்நாட்டார் என்னும் எண்ணமும் பேசாத நா என்னும் எண்ணமும் புலவர் உள்ளத்தில் ஒருங்கு எழுந்தன என்பது மட்டும் தெளிவு. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் சிறைப்படுத்திய யவனரைப் பற்றிக் கூறுங்கால் அவர்தம் இனிமையற்ற வன்சொல்லையே அடையாக்குகின்றது. ‘மிருத்ரவாச்’ என்னும் வேத அடைக்கு இதனினும் பொருத்தமான இணை காண்டல் அரிது. பேசாத நாவும் வன்சொல்லுமாகிய இரண்டும் வேதத்தில் ஒரே மந்திரத்தில் வந்தன; தமிழில் இருவேறு நூல்களில் வந்தன. எண்ணம் ஒன்றே.

சங்கப் புலவர் அயலாரின் உடலை நோக்காதவர் எனக் கூறுதல் மிகையாகும். முல்லைப்பாட்டே யவனரின் வலிய உடலையும் அஞ்சத்தக்க தோற்றத்தையும் அவர் அணிந்த சட்டையையும் கூறுகின்றது. கண்டதைக் கண்டவாறு பாடுதல் புலவர் இயல்பு. ஆனால், அத்தோற்றத்தைக் கொண்டு மக்களைத் தரம் பிரித்து, அத்தரம் பிறப்பில் மாறாது தொடரும் எனக் கூறும் கருத்து அங்கில்லை. பிறநாட்டைக் குறிக்க அவர்கள் வழங்கிய ‘மொழிபெயர் தேயம்’ என்னும் தொடரே அவர்கள் கண்ட எல்லை யாது என்பதைக் காட்டும். மொழி மாறுமிடத்து நாடு மாறிற்று.

தமிழாராய்ச்சியில் இம்முறை

வேதச் சொல்லுக்கு நேர்ந்தது நம் நூல்களுக்கும் நேர்ந்தது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816-இல் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-இல் கால்டுவெல் விரிவான ஒப்பிலக்கணத்தால் நிறுவினார். அவர் நிறுவிய மொழியியல் உண்மை இன்றளவும் நிற்கின்றது. எனினும் அவரும் தம் நூலின் பின்னிணைப்பில் திராவிடரின் உடல்வகையை ஆராய்ந்தார். பறையர் திராவிடரா என்னும் வினாவையும் எழுப்பினார். அவர் கண்ட விடை, அவர்களும் திராவிடரே என்னும் பக்கம் சாய்ந்தது. விடையினும் வினாவே நோக்கத்தக்கது. தமிழைத் தாய்மொழியாக உடைய மக்களைப் பார்த்து, இவர் திராவிடரா என வினவுதல் எப்பொழுது இயலும்? அப்பெயர் மொழியை விட்டுக் குருதிக்குச் சென்ற பின்னரே இயலும். சொல்லின் பொருள் இடம் பெயர்ந்தவுடன், மொழிக்கு உரியவரே அம்மொழியின் பெயருக்கு உரியவரா என ஐயுறப்பட்டனர். 1913-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இத்தகைய பகுதிகள் நீக்கப்பட்டமையால் பிற்காலத்தார் பலர் இதனை அறியாது போயினர்.

கனகசபைப் பிள்ளை 1904-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்’ என்னும் நூல் மற்றோர் எடுத்துக்காட்டு. சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலுமே உ. வே. சாமிநாதையரால் அச்சேறின. புதிதாகக் கிடைத்த இந்நூல்களைக் கொண்டு பழந்தமிழர் வாழ்வை முழுமையாக எழுத முற்பட்ட முன்னோடி அவர். அவருடைய வாணிக, ஆட்சி, சமூகச் செய்திகள் பலவும் போற்றத்தக்கவை. ஆயின், அக்காலத்து இனக் கொள்கை அவரையும் பற்றியது. வில்லவர், மீனவர் என்னும் பெயர்களை அவர் ஆதிக்குடிகளின் பெயராகக் கொண்டு, வடநாட்டுப் பீலரோடும் மீனாக்களோடும் இணைத்தார். மாறர், திரையர், வானவர் என்பாரைத் தனித்தனிக் கூட்டத்தாராக்கி, மங்கோலிய இனத்தாராக வங்கத்துத் தாமிரலிப்தி வழியே தெற்கே வந்தவர் என்றார்.

இம்முறையின் குறை யாது? வில்லவன் என்பது விற்பொறி பற்றிச் சேரனையும், மீனவன் என்பது கயற்பொறி பற்றிப் பாண்டியனையும் குறித்து வழங்கும். வில்லேந்தும் தொழிலும் மீன்பிடிக்கும் தொழிலும் பற்றியும் அப்பெயர்கள் வரலாம். பொறியாலும் தொழிலாலும் வந்த பெயரை இனப்பெயராக்கிப் பின்னர் ஒலியொப்புமையால் வேறு நாட்டு மக்களோடு இணைத்தல், ‘அநாஸ’ என்பதை மூக்காக்கியது போன்றதே. வேதத்தைப் படித்தோர் அடைமொழியை உடலாக்கினர். நம் நூலைப் படித்தோர் சிறப்புப் பெயரைக் குருதியாக்கினர். இருவரும் நூல் கூறாத ஒன்றை நூலின் வாயில் இட்டனர். திணைப் பாகுபாடோ, குறவரையும் ஆயரையும் உழவரையும் பரதவரையும் எயினரையும் நிலத்தாலும் தொழிலாலும் வேறுபடுத்துகின்றது. நிலம் மாறின் தொழிலும் ஒழுக்கமும் மாறும் என்னும் அக்கொள்கைக்கும், மாறாத பிறப்பு வகைகளைக் கூறும் கொள்கைக்கும் இடையே ஒற்றுமை இல்லை.

தடையும் விடையும்

இனக் கொள்கையை மறுப்பின் மக்கட் பெயர்ச்சியையும் மறுத்ததாகாதா எனச் சிலர் தடை எழுப்புவர். இரண்டும் வேறு. மொழி ஒப்பியல், இந்தோ-ஆரிய மொழிகள் வடமேற்கினின்று இந்நாட்டுக்கு வந்தன என்பதைக் காட்டுகின்றது. 2019-இல் நரசிம்மனும் பிறரும் வெளியிட்ட மரபணு ஆய்வு, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் ஆசியப் புல்வெளி மக்களின் மரபுக் கூறு தெற்காசிய மக்களிடையே கலந்தமையைக் காட்டுகின்றது. 2009-இல் ரைக், தங்கராஜ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இந்திய மக்கட்கூட்டங்களுள் மிகப்பல, பழைய இரு மூதாதைக் கூட்டங்களின் கலப்பால் ஆனவை என்றும், கலப்பின் அளவே வேறுபடுகின்றது என்றும் கூறிற்று. பெயர்ச்சி உண்டு, கலப்பு உண்டு, தூய வகை என ஒன்று இல்லை. மனித மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே அமைவது என 1972-இல் லெவான்டின் கணக்கிட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், மரபணு ஆய்வின் முடிவுகளை வைத்தும் பழைய தவற்றைச் செய்தல் இயலும். விழுக்காட்டைக் கண்டவுடன் இன்னார் ஆரியர், இன்னார் திராவிடர் எனப் பெயரிடுவோர், மூக்குக் குறியெண்ணின் இடத்தில் வேறோர் எண்ணை வைத்தவரே ஆவர். மரபணு எம்மொழியையும் பேசுவதில்லை. இவ்வுண்மையை மாக்ஸ் முல்லரே பிற்காலத்தில் வற்புறுத்தினார். ஆரியக் குருதி, ஆரிய இனம் எனப் பேசும் மானிடவியலார், நீள்மண்டை அகராதி எனப் பேசும் மொழியியலாரை ஒப்பர் என்னும் கருத்தை 1888-இல் அவர் வெளியிட்டார். தாம் முன்னர் எழுதியதே இக்குழப்பத்துக்கு இடமளித்தது என்னும் நிலையில் அவர் இதனைக் கூறியது பாராட்டத்தக்கது. ஆயினும், அவர் மறுப்பு வெளிவந்து மூன்றாண்டு கழிந்த பின்னரே ரிஸ்லி மூக்குச் சான்றை எடுத்தாண்டார். எழுதியவர் திருத்திக்கொண்டாலும் எழுத்து திருந்தாது பரவும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

‘இனம்’ என்னும் சொல்லின் வரலாறும் இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்கின்றது. நன்னூலார் வல்லினம், மெல்லினம், இடையினம் என எழுத்துகளை ஒலிக்கும் முறை பற்றித் தொகுத்தார். வள்ளுவர் சிற்றினம் சேராமை என அதிகாரம் வகுத்த இடத்தில், இனம் என்பது ஒருவன் தானே தேர்ந்து சேரும் கூட்டம். தேர்ந்து சேர்வதும் விட்டு விலகுவதும் அங்கு இயலும். ‘ரேஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக அதனை ஆண்டபோது, விலக இயலாத பிறப்பு என்னும் பொருள் அதன்மேல் ஏற்றப்பட்டது. பழைய நூலில் இச்சொல்லைக் காணும் மாணவர் புதிய பொருளை அங்குக் கொண்டு சென்று படிக்காமல் காத்தல் ஆசிரியர் கடன்.

உரை காண்போர் மேற்கொள்ள வேண்டும் நெறியும் இதனால் பெறப்படும். பண்டை நூலில் ஒரு மக்கட்பெயர் வருமாயின், அது மொழியால் வந்ததா, நிலத்தால் வந்ததா, தொழிலால் வந்ததா, பொறியால் வந்ததா என முதற்கண் ஆராய்தல் வேண்டும். ஓர் அடைமொழிக்கு இருபொருள் இயலுமாயின், அயலில் நிற்கும் சொல்லையும் ஒத்த வழக்குகளையும் கொண்டு துணிதல் வேண்டும். முன்னோர் ஐயுற்றுக் கூறியதை ஐயத்தொடே எடுத்துரைத்தல் வேண்டும். இம்மூன்றும் எளிய விதிகள். இவற்றைக் கைவிட்டதன் விளைவு ஒரு சொல்லின் பிழையளவில் நில்லாது, கோடிக்கணக்கான மக்களை வரிசைப்படுத்திய கணக்கேடு வரை சென்றது.

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை கூறும் சாதுவன் கதை இதற்கு நல்லதோர் ஒப்பு நோக்கு. கலம் கவிழ்ந்து நாகர் மலையை அடைந்த சாதுவனை, ஆடையற்ற நக்க சாரணர் உணவாகக் கருதிச் சூழ்கின்றனர். சாத்தனார் அவர்களைப் பற்றித் தரும் காட்சியில் வெறுப்பின் சாயல் இல்லாமல் இல்லை. ஆயினும், சாதுவன் அவர்கள் மொழியைக் கற்றிருந்தான், அம்மொழியில் பேசினான். பேசியவுடன் அவர்கள் விலகி நின்று, அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் அவனோடு அறம் பற்றி உரையாடினான். ஊனாகக் கருதப்பட்டவன் விருந்தினன் ஆனான். கொடியராகக் கருதப்பட்டோர் கேள்வி கேட்கும் மாணாக்கர் ஆயினர். உடலை அளந்தோர்க்கு அயலான் மூக்கே கண்ணில் பட்டது; மொழியைக் கற்றவனுக்கு அவன் சொல் விளங்கிற்று. பழைய உரையாசிரியர் வாயென்று கண்டதை மூக்கென்று மாற்றியதால் இழந்தது இவ்வுண்மையே எனக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம்.